வியாழக்கிழமை கிளினிக்

வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒருத்தி இரத்தப்போக்கோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய். கடைசிப் பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் கரு கலைந்ததாகச் சொன்னாள். அங்கே பெண்கள் வார்டில் நான் தாதி. அவள் சொன்னதை நான் நம்பவில்லை என்பதைப் பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். கருப்பையைச் சுத்தம் செய்து, மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள்.

புறப்பட முன் என் மேசையடியில் வந்து நின்றாள்.

"மிஸ், இனித் தங்காம இருக்க ஊசி ஏதும் போட்டு விடுவீங்களா?"

ஊசி அதே கட்டடத்தில்தான் இருந்தது. நான் எழுந்து போய்க் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். அன்று செவ்வாய். குடும்பத் திட்டக் கிளினிக் வியாழக்கிழமை, புருஷனையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். அந்த ஊசிக்குப் புருஷனின் சம்மதம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் வரமாட்டார் என்று அவள் இழுத்தாள்.

"கலைக்கத் தெரிஞ்ச உனக்குத் தடுக்கத் தெரியல்லையா?"

கட்டில்களில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்து மாதம் கழித்து அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. யாரோ ஒருத்தி வீட்டில் வைத்தே கலைத்துவிட்டிருந்தாள். கிருமி பரவியதால் கருப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. இனிப் பிள்ளை வராது என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன். அவள் அழவில்லை.

"வியாழக்கிழமை வந்தனான் மிஸ். தனிய வந்ததெண்டு திருப்பி அனுப்பிட்டாங்க."

அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. நான் சொன்ன அதே பொய்யை அங்கும் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

அவளைக் கூட்டிப்போகத்தான் புருஷன் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்கு வந்தான். வயலில் வேளாண்மை வெட்டுக்கு, நெல் அறுக்க, அவளை அனுப்ப எத்தனை நாள் செல்லும் என்று கேட்டான்.

அதன் பிறகு ஊசியையும் மாத்திரையையும் வார்டிலேயே வைக்க வேண்டும் என்று பெரிய டொக்டரிடம் போய் நின்றேன். இது எங்கள் வேலையில்லை என்று சக தாதிகள் முகம் சுளித்தார்கள். ஒரு வருடம் இழுபட்டது. இப்போது கரு கலைந்து வருகிறவர்களிடம் துண்டு வெட்ட முன்பே கேட்கிறோம். விரும்பினால் அங்கேயே கொடுக்கிறோம். புருஷன் எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

இதற்காக ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.