படாக் மரப் பெட்டி

“சுசீலா, பக்கத்து வீட்டுக்காரி நீ. கனி பாய் வீட்ல இருக்கே ஒரு பெட்டி, அது என்னம்மா பண்ணுது?”

1979-இல் எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் வழியை மறித்து ஜம்புலிங்கம் கேட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டிருந்த எனக்குத் தெரியவில்லை. “ஏதோ கீச்சுனு கத்தும்ணே” என்றேன். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது.

நாகூர் கனி ரேடியோ ரிப்பேர் செய்பவர். ஒரு கப்பல்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்ன வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கியிருந்தார். வேறு கம்பெனி கம்ப்யூட்டருக்கு எழுதிய விளையாட்டை அதில் ஓட வைக்க ஆசை. அதற்கு இந்தக் கம்ப்யூட்டர் அந்தக் கம்ப்யூட்டரைப் போல நடிக்க வேண்டும், நினைவகம் போதவில்லை. கூடுதல் நினைவக அட்டையைத் தானே பற்றவைத்து இணைத்தார். தகரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று அந்த அட்டைக்கு எங்கள் தீவுக் காட்டுப் படாக் மரத்தில் பெட்டி செய்தார். அங்கேதான் தவறினார். உள்ளிருந்து கிளம்பும் மின் இரைச்சலை மரம் தடுக்காது, தகரம்தான் தடுக்கும். அவர் சுவிட்சைப் போட்டால் எங்கள் வரிசை வீடுகளின் ரேடியோக்கள் எல்லாம் கீச்சிட்டன.

தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கப்பல் புறப்படும் நாளை ரேடியோவில்தான் அறிவிப்பார்கள். ஜம்புலிங்கத்தின் மனைவி நீலாவதி கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கீச்சலில் அறிவிப்பு கேட்காமல் ஜம்புலிங்கம் கப்பலைத் தவறவிட்டார். அவர் என்னை மறித்த அன்று காலைதான் தந்தி வந்தது: நீலாவதி இறந்துவிட்டார்.

ஸ்பேனரோடு கனி வீட்டுக்கு விரைந்தவரின் பின்னாலேயே நான் ஓடினேன். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

“ஜாசூஸ்! எந்த நாட்டு உளவாளிடா நீ? சச் போல், உண்மையச் சொல்லு! யாருக்கு சிக்னல் குடுக்குற?” என்று ஜம்புலிங்கம் கத்தினார்.

“அல்லா மேல ஆணை அண்ணே, இது எதையும் அனுப்பாது...”

கனியின் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்தார்கள். ஸ்பேனர் மூன்று முறை இறங்கியது. நான்கு விரல்கள் உடைந்தன. யாரோ வாயில் உதைத்தார், பல் தெறித்தது. பெட்டியைச் சுவரில் அடித்தார்கள். படாக் கெட்டி மரம், விரிசலோடு நின்றது; உள்ளே இருந்ததும் தப்பியது.

ஒன்றரை மாதம் கழித்து, கனி இடது கையால் பெட்டிக்குள் பிஸ்கட் டின் தகரத்தைப் பதித்தார். “உங்க ரேடியோவையே கொண்டாங்க” என்று ஜம்புலிங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வந்தார். கம்ப்யூட்டர் ஓடும்போதே கப்பல் அறிவிப்பு தெளிவாகக் கேட்டது.

“இத அன்னிக்கே பண்ணியிருக்கக் கூடாதாடா?”

“தெரியலண்ணே. கப்பல் போனது என் தப்புதான். ஆனா நான் ஜாசூஸ் இல்ல.”

ஜம்புலிங்கம் தன் ரேடியோவைத் தரையில் அடித்து நொறுக்கினார். கனியின் கோணல் விரல்களைப் பார்க்காமலே போய்விட்டார்.

டீக்கடைகளில் இன்னும் ‘ஜாசூஸ் கனி’ என்கிறார்கள். அந்தப் பெட்டி யாருக்கும் சிக்னல் அனுப்பவில்லை, ஒரு விளையாட்டை ஓட்டத்தான் இருந்தது: அன்று படகுத்துறையில் எனக்குத் தெரியாத பதில் இதுதான். அப்படிச் சொல்பவர் யாரைப் பார்த்தாலும், தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.