ஐந்தாம் தடம் காலி

கடந்த செவ்வாய்க்கிழமை நடந்தவை:

1. காலை ஒன்பது மணிக்கு, நான் வேலை பார்க்கும் ஆலையின் பம்ப் அறையில் கழிவு எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று சரிந்தது.
2. மரத்தூளைக் கொட்டி அள்ளித் தரையைத் துடைக்க இருபது நிமிடம் ஆனது.
3. யாருக்கும் அடி இல்லை. அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.
4. என் காலணியின் அடியில் எண்ணெய் ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.
5. மதியம் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அந்த வாடை எழுந்தது. காரைக் கிளப்பாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக் கூட்டத்துக்குப் போகவில்லை.

முதல் மூன்றும் அறிக்கையில் இருக்கின்றன. மற்ற இரண்டையும் அங்கே எழுத முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மற்ற பள்ளிகளில் ஓடுதடத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். நான் படித்த தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளியில் அது எடுபடாது. சாயங்கால மழை ஒன்று வந்தால் சுண்ணாம்பு கால்வாயில் போய்விடும். டிராக்டர் கொட்டகையிலிருந்து கறுத்துப்போன எண்ணெயை வாங்கி வந்து, பழைய பூவாளி ஒன்றால் புல்லின் மேல் ஊற்றுவோம். எண்ணெய் பட்ட இடத்தில் புல் செத்துவிடும். கோடு மூன்று மாதம் நிற்கும். ஒரு பள்ளித் தவணைக்கு அது போதும். நல்ல காரியமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், சுற்றுச்சூழல் பயிற்சியெல்லாம் முடித்தவளான என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தவணை முழுவதும் எங்கள் உள்ளங்கால்கள் கறுப்பாகவே இருக்கும். வகுப்பறையின் சிமெண்டுத் தரையில் இருபத்து மூன்று பேரின் காலடிகளும் பதிந்திருக்கும். எல்லாம் முழுக் காலடிகள், ஒன்றைத் தவிர. என் வகுப்புத் தோழி கௌசியின் தடத்தில் குதிகால் இருக்காது. அவள் நடக்கும்போதும் முன்னங்காலில்தான் நடப்பாள். எந்த நேரமும் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருப்பவள் போலத்தான் இருப்பாள்.

இருபத்து மூன்று என்று சொன்னேன் அல்லவா? முழுப் பள்ளியுமே அவ்வளவுதான். ஆனால் கல்வி இலாகாவின் பட்டியல் பெரிய பள்ளிக்கும் சின்னப் பள்ளிக்கும் ஒன்றே. சிவப்பு இல்லம், நீல இல்லம், மஞ்சள் இல்லம் எல்லாம் இருக்க வேண்டும். வலைப்பந்து, குண்டெறிதல், குறுக்கோட்டம், அணிவகுப்பு, ஓவியம், கோலம், பரதம், ரெக்கார்டர் என்னும் ஊதுகுழல் குழு, சதுரங்கம், எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். ஆகவே எல்லாரும் எல்லாவற்றிலும் இருந்தோம். வலைப்பந்துக்கு ஏழு பேர் வேண்டும். நீல இல்லத்தில் இருந்ததே ஏழு பேர். அதில் ஒருத்தி முதலாம் ஆண்டு. பந்து தன் பக்கம் வந்தால் உட்கார்ந்து அழுவாள். நான் குண்டெறிதலில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். போட்டியிட்டது இரண்டு பேர்.

இதில் ஒரு வசதி உண்டு. எங்கள் பள்ளியில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடக்கவே முடியாது. கோலம் போடுகிறவள்தான் நூறு மீட்டரும் ஓட வேண்டும். ஆகையால் கோலம் முடியும் வரை நூறு மீட்டர் காத்திருக்கும். சரோஜா டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, “கௌசி கைய கழுவிட்டு வரட்டும்லா,” என்பார். எல்லாரும் கோட்டில் நின்றபடியே கௌசி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாரும் எங்கேயும் போய்ப் பெயர் பதிய வேண்டியதில்லை. எல்லாரும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தோம்.

சரோஜா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டு, இசை, ஓவியம் மூன்றும் அவர் தலையில்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீளம் தாண்டும் குழியைக் கொத்துவார். அடுத்த மணியில் அதே கையால் ரெக்கார்டரைப் பிடித்து ஊதிக் காட்டுவார். பள்ளியின் ரெக்கார்டர்களை எல்லா வகுப்பும் மாற்றி மாற்றி ஊதும். ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீர் வாளியில் முக்கி எடுப்போம். அதனால் எங்கள் இசை எப்போதுமே கொஞ்சம் கரித்தது. கௌசிக்கு ரெக்கார்டர் பிடிக்காது. “நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு ஊதணும். காலு அரிக்குதுடி,” என்பாள்.

என் வேலை பட்டியல். கையெழுத்து நன்றாக இருக்கும், கோடு நேராகப் போடுவேன் என்பதற்காக ஆறாம் ஆண்டில் டீச்சர் என்னிடம் அதைக் கொடுத்தார். வாரா வாரம் நிகழ்ச்சி நிரலை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுவேன். மேலிருந்து கீழாக ஒரே பத்தி. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் நிகழ்ச்சி. தலைப்புக்குச் சிவப்பு மை. அதை ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பேன். இன்றைக்கும் அந்தக் கெட்ட பழக்கம் போகவில்லை.

அந்த வருடம் மாவட்ட அளவிலான திடல் போட்டியும் இசைப் போட்டியும் ஒரே சனிக்கிழமை கோலசிலாங்கூரில் நடந்தன. திடலில் ஓட்டம், பக்கத்து மண்டபத்தில் இசை. கௌசி இருநூறு மீட்டர் ஓட வேண்டும். முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குத் தேர்வாவார்கள். மாநிலத்துக்குப் போனால் விளையாட்டுப் பள்ளி விடுதியில் இடம் கேட்கலாம். அவளுடைய அம்மா தோட்டத்தில் உரம் போடுகிறவர். கணக்கைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “ஸ்டேட்டுக்குப் போனா ஹாஸ்டல்ல உடுறேன். இல்லன்னா செகிஞ்சான்ல சித்தி வீட்டுல இருந்து ஃபார்ம் ஒன் படி.” சித்திக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே போனால் பள்ளி விட்ட பிறகு என்ன நடக்கும் என்று கௌசிக்குத் தெரியும். போன விடுமுறை முழுவதும் அவள் அங்கே வெங்காயம் உரித்திருக்கிறாள்.

அந்த ஒரு மாதம் அவளோடு இருப்பதே கஷ்டம். வகுப்பில் மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். என் மேசையும் சேர்ந்து ஆடும், என் கோடுகள் கோணும்.

“கொஞ்ச நேரம் ஆட்டாம இரேன்டி.”

“நீ வேணா நிறுத்திப் பாரு. அது என் பேச்சையே கேக்கல.”

மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. டீச்சர் அதை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு நேரங்கள் இருந்தன. சேர வேண்டிய நேரம் ஒன்று, தொடங்கும் நேரம் ஒன்று. பெண்கள் இருநூறு மீட்டருக்கு ஒன்பதரைக்குக் கூடாரத்தில் பெயர் பதிந்து அங்கேயே காத்திருக்க வேண்டும், ஓட்டம் பத்து மணிக்கு. ரெக்கார்டர் ஒன்பதரைக்குத் தொடங்கும்.

இரண்டையும் எழுதினால் என் தாளில் இடம் போதவில்லை. தலைப்பும் நெருங்கிப் போனது. அது தவிர, ‘சேர வேண்டிய நேரம்’ என்பது எனக்குப் புரியவே இல்லை. வந்துவிட்டால் சேர்ந்ததுதானே என்று நினைத்தேன். சேரும் நேரத்தின் பத்தியை விட்டுவிட்டேன். ஒன்பதரை, ரெக்கார்டர். பத்து மணி, இருநூறு மீட்டர். பார்க்க அழகாக இருந்தது. அரை மணி இடைவெளியும் இருந்தது. டீச்சருக்கு அந்த வாரம் அணிவகுப்பும் ஓவியமும் இருந்தன. என் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி, ஊதிட்டு ஓடு,” என்று கௌசியிடம் சொன்னார்.

சனிக்கிழமை மண்டபத்தில் எட்டுப் பேர் நின்று ஊதினோம். குழுவுக்குக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்ததே எட்டுப் பேர்தான், கௌசியையும் என்னையும் சேர்த்து. டீச்சர் கையசைத்து நடத்த வேண்டியிருந்ததால் தன் நிறுத்தற்கடிகாரத்தைக் கழற்றி என் கழுத்தில் மாட்டியிருந்தார். நாங்கள் மூன்றாவது குழு. கௌசி முழுப் பாட்டையும் முன்னங்காலில் நின்றே ஊதினாள். கைதட்டல் முடிவதற்குள் கதவருகில் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

திடலை அடைந்தபோது பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பெயர் பதியும் கூடாரத்தில் தொப்பி போட்ட மலாய் ஆசிரியை ஒருவர் தாளைப் பார்த்தார். “லம்பாட், டிக். நாமா டா போத்தோங்,” என்றார். தாமதமாகிவிட்டது தங்கச்சி, பெயரை வெட்டியாகிவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார். டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்து மலாயில் கெஞ்சினார். அந்த ஆசிரியை தாளைத் திருப்பிக் காட்டினார். ஒன்பதரை என்று அச்சில் இருந்தது. டீச்சர் அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான்.

எங்கள் பள்ளியாக இருந்தால் காத்திருப்பார்கள். அங்கே ஏழு பேர் கோட்டில் நின்றார்கள். ஐந்தாம் தடம் காலி. கௌசி எட்டாம் தடத்துக்கும் வெளியே, பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் கிடந்த புல்லில் போய் நின்றுகொண்டாள். ரெக்கார்டர் இன்னும் கையில் இருந்தது. குழுவின் நீளப் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

வெடிச் சத்தம் கேட்டது. அவளும் ஓடினாள்.

வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவளுக்குத் தூரம் அதிகம். அதைக் கணக்குப் போட இப்போது எனக்குத் தெரியும். அப்போது அவள் பைகளைத் தாண்டி ஓடுவது மட்டும் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. நேர்த் தடத்துக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாளா, இல்லையா? நடுவில் நின்ற கூட்டம் மறைத்துவிட்டது. முடிவுக்கோட்டருகே நின்ற வேறொரு பள்ளிப் பையன்கள் அவள்தான் முதல் என்றார்கள். இன்னொருவர் மூன்றாவது என்றார். நிறுத்தற்கடிகாரம் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை அழுத்தவில்லை.

ரெக்கார்டரில் ஐந்து பள்ளிகளில் நான்காவதாக வந்தோம்.

திங்கட்கிழமை கௌசியின் அம்மா வேலைச் சட்டையோடு பள்ளிக்கு வந்தார். நான் அலமாரிக்குள் ரெக்கார்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“எம் பொண்ண ஓட உடாம ஊத உட்டுட்டீங்களே டீச்சர்.”

“நேரத்த நாந்தான் தப்பா பாத்துட்டேன்மா. மன்னிச்சிருங்க.”

“மன்னிச்சி? ஹாஸ்டல நீங்க கட்டித் தருவீங்களா?”

 டீச்சரின் தோளுக்குப் பின்னால், அலமாரிக் கதவில், சிவப்புத் தலைப்போடு என் பட்டியல் ஒட்டியிருந்தது. கௌசியின் அம்மா போன பிறகு டீச்சர் அதை உரித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அழத் தயாராக நின்றேன். “வியாழக்கெழம பரதத்துக்கு லிஸ்ட்டு எங்க?” என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதில் நேரத்துக்கு இரண்டு பத்திகள் போட்டேன். தேவையே இல்லாத இடத்தில்.

இதை நான் பல முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்தியை நான் எழுதியிருந்தாலும் இரண்டும் மோதத்தான் செய்திருக்கும். ஆனால் மூன்று நாள் முன்னதாகவே அது தெரிந்திருக்கும். கௌசியின் பெயரை வெட்டாமல் வைத்திருக்கச் சொல்லி டீச்சர் முன்கூட்டியே கேட்டிருப்பார். அல்லது குழுவையே விலக்கியிருப்பார். எப்படிப் பிரித்தாலும் இந்த இடத்தில் வந்து நிற்கிறது.

கௌசி செகிஞ்சானுக்குப் போனாள். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது அங்கே ஓர் அரிசி ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் பொறுப்பாளர். பிறகு அவள் ஓடவே இல்லை. நாங்கள் பத்தொன்பது வருடம் தோழிகளாகவே இருந்தோம். திருவிழாவுக்குச் சேர்ந்து போவோம், கடற்கரையில் மீன் வாங்குவோம், அவள் என் சமையலைக் கேலி செய்வாள். அந்த சனிக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தால் “அந்த டீச்சரு” என்று மட்டும் சொல்வாள். நான் வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன்.

சரோஜா டீச்சர் இறந்த அன்று கௌசிக்கு அழைத்தேன்.

“நாளைக்குக் காலைல எடுக்குறாங்கடி. நான் வந்து உன்ன ஏத்திக்கிறேன்.”

“நீ போய்ட்டு வா.”

“கௌசி...”

“நான் எதுக்கு வரணும்? ஒரு டைம்ம ஒழுங்கா பாக்கத் தெரியாதவங்க. எல்லாம் அவங்களாலதான்.”

“டீச்சர் இல்ல. நான். லெட்டர்ல ரெண்டு டைம் இருந்துச்சு. ஒண்ண நான் எழுதல.”

அவளுக்குப் பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“ஏன்டி எழுதல?”

“தாள்ல எடம் பத்தல.”

 பிறகு அவள் சொன்னாள்: “என் கல்யாணத்துக்கு அவங்க வந்தாங்க. மண்டபத்து வாசல்ல பரிசு வச்சிக்கிட்டு நின்னாங்க. நான் பாக்காத மாதிரி உள்ள போய்ட்டேன்.”

அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

இன்றைய நிலை இதுதான். எங்கள் பள்ளி வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறிவிட்டது. பழைய கட்டடத்தில் உர மூட்டைகள் இருக்கின்றன. திடலில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். கன்றுகள் என் உயரத்துக்கு வந்திருக்கின்றன. தொடக்கக்கோடு எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரின் அஸ்தியைச் சுங்கை செம்பிலாங் கடற்கரையில் கடலில் கரைத்தார்கள். நான் போயிருந்தேன். கௌசிக்கு முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை அழைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழைக்கிறேன். டீச்சர் மேல் அவளுக்கு இருந்த கோபம் என் மேல் மாறியிருக்கிறது. அது சரியான மாற்றம்தான். நான்கு மாதம் ஆகிறது. அவள் இன்னும் எடுக்கவில்லை.