சிட்டு என்று கூப்பிட்ட கண்டக்டர்

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். என்னைச் சிட்டு என்று கூப்பிட்டவர் செந்துறை பஸ் கண்டக்டர் மட்டும்தான்.

ஒட்டடைக்குச்சி போல உயரம், காதில் பேனா. கைக்குழந்தையிடம் சிட்டு என்றால் கொஞ்சல். படியில் தொங்குகிறவனிடம் என்றால் அதட்டல். ஓடிவரும் பெண்களிடம் என்றால், வண்டி நிற்கும் என்று அர்த்தம்.

நான் போர்டை எழுத்துக்கூட்டுவதற்குள் பஸ் கிளம்பிவிடும். யாரையும் கேட்கவும் மாட்டேன். அவர் குரலை வைத்தே ஏறுவேன். மூத்த பேத்தியின் வளைகாப்பன்று, அரியலூரில் இரண்டு பஸ் ஒட்டி நின்றன. குரல் கேட்டதும் ஏறி ஜம்பமாக உட்கார்ந்தேன். வளையல் முழுதும் இருந்த பை என் மடியில். அது உடையார்பாளையம் வண்டி.

ஜன்னலைத் தட்டினார். "சிட்டு, ஒங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்கேன். இங்க ஒக்காந்திருக்கீங்களே?"

"அங்க கூட்டம்னு நெனச்சேன்."

"கூட்டந்தாங்க. எறங்கி வாங்க."

இடமெல்லாம் போடவில்லை. தன் சீட்டையே கொடுத்தார். செந்துறை வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கு என் படிப்பு தெரியுமா, தெரியாதா?

பாப்பா, நான் சொல்லச் சொல்ல எழுதினியே, இத வாசிச்சுக் காட்டு. சிட்டுன்னு வர்ற எடத்துல மட்டும் அவரு மாதிரியே சத்தமா வாசி.