சோம்பேறிச் சுரப்பி

தையல் ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிப் பித்தான் சரிபார்க்கும் மேசையில் வேலை; கை மெதுவாகத்தான் ஓடும். இஸ்திரி மேசைகள் அனல் கக்கும் கூடத்தில் மற்றவர்கள் வியர்த்து வழிய, அவள் மட்டும் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். "ஆமைக்கு ஓடு தடிச்சிருச்சு டோய்!" என்று பக்கத்து மேசைக்காரி கத்துவாள். கூடமே சிரிக்கும்.

சிரிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் அதே பாட்டுதான். முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது, முகம் உப்பியது, குரல் கரகரத்தது. "சோம்பேறித்தனத்துக்கு மருந்தே கிடையாது" என்றாள் மாமியார். பார்த்த மருத்துவரோ, கழுத்தைத் தொட்டும் பார்க்காமல், "நல்லா நடங்கம்மா, சாப்பாட்டக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கும். அதைச் செய்யச் சொல்ல ஒருவருக்கு வாய் வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன.

புதிதாய் வந்த பெண் மருத்துவர்தான் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை என்று கண்டுபிடித்தார். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சுரப்பி தராத ஹார்மோனை அது தந்தது. சில மாதங்களில் ஸ்வெட்டர் கழன்றது. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

கணவன் எங்கோ ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "ஸ்டெம் செல் ஊசியாம். சுரப்பி புதுசா வளந்துடுமாம். மாத்திரையத் தூக்கிக் குப்பையில போட்டுடலாம்."

ஆசை யாரை விட்டது? அவனோடு போனாள்.

கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, வெள்ளைக் கோட்டுக்காரர். "முதல்ல ரெண்டு மாசம் மாத்திரைய நிறுத்துங்க. குடுத்துக் குடுத்து உங்க சுரப்பி சோம்பேறி ஆயிடுச்சு. பட்டினி போட்டாத்தான் முழிச்சுக்கும். அப்புறம் ஊசி."

அவளுக்குச் சுருக்கென்றது. "மாத்திரைக்கு முன்னாடியே அது வேலை செய்யலையே சார். அப்ப யாரு அதச் சோம்பேறி ஆக்கினது?"

"அதெல்லாம் சயின்ஸ்மா."

"இந்த ஊசியில யாருக்காவது வளந்திருக்கா?"

"ஆய்வுக்கூடத்துல எலிக்கு வளந்திருக்கு."

"அப்ப எலிக்கே போடுங்க." எழுந்துவிட்டாள்.

படியில் கணவன் பின்னாலேயே ஓடிவந்தான். "எதுக்கு இப்படிக் குதிக்கிற? அவரு சுரப்பியத்தான சொன்னாரு, உன்னையா சொன்னாரு?"

"சுரப்பி என்ன, பக்கத்து வீட்டுக்காரி கழுத்துலயா இருக்கு?"

அவனையும் இழுத்துக்கொண்டு நேரே தன் மருத்துவரிடம் போனாள். எலிகளிடம் பலித்தது உண்மைதான், மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாக வரவில்லை என்றார் அவர். மாத்திரையை நிறுத்தியிருந்தால் பழைய நிலைக்கே போயிருப்பாளாம். கேட்கக் கேட்க அவளுக்குக் கோபம் இரட்டித்தது. முழுப்பொய்யை விற்றிருந்தால் திருடன் என்று காறித் துப்பிவிட்டுப் போகலாம். யாரோ பொறுமையாகத் தேடிக்கொண்டிருக்கும் உண்மையை வேகுமுன்னே திருடி, நோயாளியின் அலுப்பைப் பார்த்து விற்பவனை என்னவென்று சொல்வது?

"நெஜமா வரும்போது சொல்லுங்க டாக்டர், மொத ஆளா வந்து நிக்கிறேன். இப்ப அவன் கடைய மூட என்ன பண்ணணும்?"

"புகார் குடுக்கணும். அங்க ஏமாந்துட்டு எங்கிட்டப் புலம்பறவங்க யாரும் எழுதித் தர மாட்டேங்கறாங்க."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "கூட்டிட்டுப் போனது நீங்கதான? எழுதுங்க."

அவன் சட்டைப்பையைத் தடவினான். "பேனா இல்லையே."

மருத்துவரின் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.