கதவைத் திறக்கச் சொன்ன குரல்

லண்டனில் மொழியியல் படித்தபோது, எங்கள் வட்டாரப் பேச்சைப் பதிவு செய்ய வேப்பம்பட்டில் அத்தை வீட்டுக்கு வந்தேன். மாமாதான் நிறையப் பேசினார். காக்களூர் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் அத்தைக்குப் போனில் சொல்வதைக்கூடச் சொல்லிக் காட்டினார்.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மாமா இல்லை. மாரடைப்பு.

ஒரு மத்தியானம் மாமாவின் அந்தப் பதிவை லேப்டாப்பில் போட்டு, கேட்டதை எழுதிக்கொண்டிருந்தேன். உச்சரிப்பு பிடிபடும்வரை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது மொழியியல்காரர்களின் வழக்கம்.

“கதவத் தொறந்து வையி, வந்துக்கினே கீறேன்.”

திடீரென்று காற்று அடித்தது. எட்டிப் பார்த்தேன். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் தட்டு நிறையச் சோறு. அத்தை தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். பதறிப்போய்ப் பதிவை நிறுத்தினேன்.

அத்தை திரும்பவே இல்லை. “நிறுத்தாதம்மா. தெருமுனை வரிக்கும் வந்துட்டாரு.”

இப்போதெல்லாம் வீட்டில் தனியாக இருந்தாலும் ஹெட்போனில்தான் கேட்கிறேன். அதுவும் வாசல் கதவைத் தாழ் போட்ட பிறகு.