வருசம் திரும்பாத வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

நைனா செத்த நாலாம் மாதம் அமெரிக்காவிலிருந்து அண்ணன் போன் செய்தான். சாவுக்கு வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமாம். "அசெம்பிள் பண்றதெல்லாம் வேணாம்டா, கம்பெனி கம்ப்யூட்டரா வாங்கிடு" என்றான்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வருசம் திரும்பாத ஊட்ல புச்சா எதுவும் வாங்கக் கூடாது. துணிகூட."

திருப்பதியில் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாத கேபினெட்லோ அன்னி பெட்டி இஸ்தானு" என்றார். பழைய பெட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் போட்டுத் தருகிறாராம். மூலையில் கிடந்த, கீறல் விழுந்த பெட்டி ஒன்றைத் துடைத்தார். உள்ளே போட்ட மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் புதுசு. கம்பெனியா அசெம்பிளா என்று நான் ஊரெல்லாம் விசாரித்து வைத்திருந்தது எதற்கும் உதவவில்லை. மானிட்டரும் பழசாகவே கிடைத்தது. கேமரா மட்டும் புதுசு; அதைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, பெட்டியோடும் மானிட்டரோடும் சித்தூர் பஸ் ஏறினேன்.

அம்மா கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோகச் சொன்னாள்.

தீபாவளியன்று எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. அண்ணன் திரையில் வந்தான். "கம்பெனிதானே?" என்று கேட்டான். தலையாட்டினேன். "நல்லா கீறியா? துன்னியா?" என்று மட்டும் அம்மா அவனைக் கேட்டாள்.

லைன் அறுந்தது. அம்மா அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டி பழசுதான். அவன் போட்டுக்கினு கீற சட்டைதான் புச்சு."