பாய் போட்ட கூறு

நான் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது நம் மில் மும்தாஜ் போன் செய்தாள். "அக்கா, பாய் மௌத்தாயிட்டாங்க" என்று சாவுச் செய்தி சொன்னாள். எந்தப் பாய் என்று நான் கேட்கவில்லை. அதிராம்பட்டினத்தில் எத்தனையோ பாய்கள் உண்டு. கயிறு மில்லில் வேலை பார்த்த நமக்குப் பாய் என்றால் முதலாளி ஹமீது பாய்தான். அங்கே சூப்பர்வைசராக இருந்தவள், கூட வேலை பார்த்த உங்களையெல்லாம் ஓயாமல் திட்டியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானிக் கறியை மில்லுக்கும் கொண்டுவந்து கூறு போடுவாரே, நினைவிருக்கிறதா? கூட்டிப் பெருக்கும் பொன்னம்மாவுக்கும் எனக்கும் ஒரே அளவு. என் கூறில் எலும்பு அதிகம் என்று ஒருமுறை முகத்தைச் சுளித்தேன். "கூறு போடுறவன் கடைசிக் கூறத்தான் எடுக்கணும் செல்வி. என்னோடதப் பாரு, வெறும் எலும்பு" என்று சிரித்தார். எதையும் சமமாகப் பங்கிட்டால் சரியாகிவிடும் என்று நம்பிய மனிதர் அவர்.

புயலில் தென்னைகள் சாய்ந்த பிறகு தேங்காய் மட்டை வரத்து குறைந்தது. மட்டை இல்லாமல் நார் ஏது, நார் இல்லாமல் கயிறு ஏது? பாதி மெஷின் சும்மா நின்றது. நமக்கோ திரித்த கயிற்றின் எடைக்குத்தான் கூலி. "பாதிப் பேர நிறுத்திடுங்க பாய். மீதிப் பேராவது முழுக் கூலி வாங்கட்டும்" என்றேன். "யார் யாரை? நீயே பேரச் சொல்லு" என்றார். மும்தாஜுக்குப் புருஷன் இல்லை. பொன்னம்மாவுக்குப் பிள்ளை இருந்தும் பிரயோஜனமில்லை. கடைசியில் அவர் வேலையையும் கூறு போட்டார், எல்லாருக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அந்தக் கூறுதான் நம்மைக் கட்டிப்போட்டது. இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்குத் தெரியாது. நடவுக்குப் போய்க் கேட்டால், "விட்டு விட்டு வர்றதுன்னா வேணாம்மா" என்றார்கள். மில் கூலியில் அடுப்பு எரியவில்லை. மில்லை விடவும் மனமில்லை. நன்றாகத் திரிக்கிறவர்கள்தான் முதலில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். பிறகு இருக்கிற நாரைத் திரிக்கவும் கை இல்லாமல் போயிற்று. உற்பத்தி மேலும் விழுந்து, மில்லையே பூட்டும்படி ஆயிற்று. நான் சொன்னபடி செய்திருந்தால் மட்டும் பிழைத்திருக்குமா? தெரியவில்லை. அவரை நினைத்தால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தேதான் வருகின்றன.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. மில்லைப் பூட்டி, அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மதியம் பார்க்கப் போயிருந்தேன். நினைவு தப்பித் தப்பி வந்தது.

"மட்டை வண்டி வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு பாய்."

"எல்லாருக்கும் வேலை இருக்கா?"

"இருக்கு பாய். ஒருத்தரும் சும்மா இல்ல."

அவர் முகம் தெளிந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பாய் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப வேலை நேரத்துல நீ ஏன் செல்வி இங்க உக்காந்திருக்கே?"